இன்னொரு துப்பாக்கியின் உருளை

ஹால்வர் ப்ரெக்கியின் உயிலை வக்கீல் வாசித்தபோது மகன் கார்வினின் காதில் ஒரு வரிதான் தங்கியது. நிலம் இரண்டு பிள்ளைகளுக்கும் சரிபாதி. மாடுகளும் அப்படித்தான். ரிவால்வர் மட்டும் மகள் நோலாவுக்கு.

நாற்பத்தேழு வயது ஆண்பிள்ளை, அதுவும் பண்ணையை விட்டு ஒரு நாளும் போகாதவன், ஒரு பழைய ரிவால்வருக்காக முகம் சுருங்கினான் என்றால் வெளியார் சிரிப்பார்கள். நோலா சிரிக்கவில்லை. காரணம் அவளுக்குத் தெரியும், ஊருக்கே தெரியும். பதினான்கு வருஷத்துக்கு முன்னால் கார்வின் அதே ரிவால்வரில் ஆறு தோட்டா போட்டு, உறையோடு பிக்கப்பின் பின்கதவு மேல் வைத்தான். அது பழங்காலத்துச் சாமான். பின்னாலிருக்கும் சுத்தி, தோட்டாவுக்கு நேராகவே படுத்திருக்கும். நடுவே எந்தத் தடுப்பும் கிடையாது. ஐந்துதான் போட வேண்டும், சுத்திக்கு நேரான துளை காலியாக இருக்க வேண்டும். பண்ணையில் எல்லோருக்கும் தெரிந்த விஷயம், கார்வினுக்கும் தெரியும். அன்றைக்குச் சோம்பல். துப்பாக்கி சரிந்து சுத்தி கல்லில் மோத, குண்டு அப்பாவின் கெண்டைக்காலில் பாய்ந்து வெளியே போனது. கிழவர் சாகும்வரை நொண்டினார். ஒரு வார்த்தை திட்டவில்லை. அன்றிலிருந்து துப்பாக்கியைப் பூட்டி வைத்தார், அவ்வளவுதான்.

அந்த ரிவால்வருக்கு இரண்டு உருளைகள். ஆறு துளை போட்ட எஃகுக் கட்டைகள், உள்ளங்கையில் அடங்குகிற அளவு. ஒன்று முயலுக்கும் பாம்புக்குமான சின்னத் தோட்டாவுக்கு. இன்னொன்று மேக்னத்துக்கு, அந்தத் தோட்டா நீளம், பருமன், வேகம் எல்லாவற்றிலும் ஒரு பிடி கூட. குழல் ஒன்றுதான். அச்சாணியை உருவி, இதை எடுத்துவிட்டு அதை மாட்டினால் ஒரே துப்பாக்கி இரண்டு துப்பாக்கி ஆகிவிடும்.

அடக்கம் முடிந்த அன்று மாலை, பக்கத்துப் பண்ணைக்காரர்கள் கொண்டுவந்த பன்றித் தொடையையும் உருளைக்கிழங்கையும் வீட்டில் எல்லோரும் தின்றுகொண்டிருக்கும்போது, கார்வின் பட்டறை மேஜையின் இழுப்பறையைத் திறந்தான். மேக்னம் உருளை ஒரு பழைய காலுறைக்குள் கிடந்தது. எடுத்துப் பையில் போட்டுக்கொண்டான். ஏன் எடுத்தான் என்று அப்போது கேட்டிருந்தால் அவனுக்கே சொல்லத் தெரிந்திருக்காது. மறுவாரம் நோலா கேட்டாள்.

"இன்னொரு உருளை எங்கடா?"

"நான் பாக்கல."

அந்த இரண்டு வார்த்தை ஆறு மாசம் நின்றது.

அக்டோபரில் பனி முந்திக்கொண்டு வருகிறது என்று வானொலியில் சொன்னார்கள். மேட்டு மேய்ச்சலில் பதினொரு பசுக்களும் கன்றுகளும் இன்னும் இறங்கவில்லை. இரண்டு பேரும் பேச்சுவார்த்தை இல்லாத நிலையிலும், மாடு யாருக்காகவும் காத்திருக்காது என்பதால், குதிரைகளை டிரெய்லரில் ஏற்றி, தார்ச்சாலை முடியும் இடம்வரை ஓட்டிப்போய், அங்கிருந்து சேணம் பூட்டிக் கிளம்பினார்கள்.

கார்வின் அன்று காலையில் அந்த உருளையைக் கைக்குட்டையில் சுற்றிச் சட்டைப்பையில் வைத்து, பொத்தானும் போட்டிருந்தான். இன்றைக்குக் கொடுத்துவிட வேண்டும் என்ற முடிவு. டிரெய்லரிலிருந்து குதிரைகளை இறக்கும்போது கொடுத்திருப்பான். ஆனால் நோலா இடுப்பில் உறையைக் கட்டிக்கொண்டு, "பயப்படாத, அஞ்சுதான் போட்டிருக்கேன். ஆறு போடுற ஆள் நான் இல்ல" என்றாள். அவன் கை பொத்தானிலிருந்து இறங்கிவிட்டது.

ஏற்றத்தில் பைன் மரங்களுக்கு நடுவே போகும்போது அவள் சேணத்தில் திரும்பிப் பார்த்தாள். அவனுக்கு அக்கா, ஐம்பத்தொரு வயது; பில்லிங்ஸ் நகரத்தில் இருபது வருஷம் பள்ளிக்கூட பஸ் ஓட்டிவிட்டுத் திரும்பி வந்தவள். அந்தக் குரலும் அதிகாரமும் இன்னும் போகவில்லை.

"மேக்னம் உருளை ஒண்ணு கிடைச்சுது, தெரியுமா? லூயிஸ்டவுன் பழஞ்சாமான் சந்தையில. அதே கம்பெனி, அதே காலத்துது. அதைத்தான் மாட்டியிருக்கேன். மேல மாடு ஏதாவது அடிபட்டுக் கிடந்தா, சுட்டு முடிக்கச் சின்னத் தோட்டா பத்தாது."

கார்வின் குதிரையை நிறுத்தினான். "வேற துப்பாக்கியோட உருளையா?"

"அச்சு மாதிரி பொருந்துது."

"உள்ள போறது வேற, பொருந்துறது வேற நோலா. ஒவ்வொரு உருளையும் அதோட உடம்புக்குன்னு ராவி வெச்சிருப்பாங்க. துளை குழலுக்கு நேரா நிக்கலைன்னா ஈயம் பக்கவாட்டுல சிதறும். பழுது பாக்குறவர்கிட்ட காட்டினியா?"

"டாலிவர்கிட்ட காட்டினேன். ஒரு வாரம் வெச்சுட்டுப் போ, அளந்து பாக்காம சுடாதன்னார். வாரத்துக்கு எங்க போறது? பனி வருதே. கொட்டகைக்குப் பின்னால மூணு தடவை சுட்டேன், மூணும் டப்பாவுல பட்டுது."

"மூணுதானே? துளை ஆறு இருக்கு."

"அப்ப அப்பாவோட உருளையைக் கொண்டா, மாட்டிக்கிறேன்."

அவள் கண் எடுக்காமல் பார்த்தாள். அவளுக்குத் தெரியும் என்று அந்த நொடியில் அவனுக்குப் பட்டது. தெரிந்தே கேட்கிறாள், தானாக எடுத்து நீட்டட்டும் என்று காத்திருக்கிறாள். அப்படிக் காத்திருக்கிறாள் என்பதாலேயே அவனால் நீட்ட முடியவில்லை.

"நான்தான் பாக்கலைன்னு சொன்னேனே" என்றான்.

"சரிடா" என்று அவள் முன்னே திரும்பிக்கொண்டாள்.

பத்து மணி வாக்கில் ஓடைக்கு மேலே உடைகல் சரிவைக் கடக்கும்போது நடந்தது. நோலாவின் குதிரை பன்னாக் நல்ல மிருகம், பதற்றமில்லாதது. கற்களின் மேல் ராத்திரிப் பனி கண்ணாடிபோல் உறைந்திருந்தது. முன்கால் இரண்டு பாறைக்கு நடுவில் இறங்கிச் சிக்கியது. காய்ந்த கிளை முறிகிற மாதிரி ஒரு சத்தம். அடுத்து குதிரை அப்படியே பக்கவாட்டில் சாய்ந்து, ஒரு புரளல் புரண்டு, சரிவில் வழுக்கிக்கொண்டே போய் ஒரு கட்டைப் பைன் மரத்தில் முட்டி நின்றது. நோலா அதற்கு அடியில்.

கார்வின் தன் குதிரை சில்வியிலிருந்து குதித்து, பாதி ஓடியும் பாதி உட்கார்ந்தபடி வழுக்கியும் இறங்கினான். நோலாவின் தலையும் மார்பும் வெளியே இருந்தன. இடது காலும் இடுப்பின் ஒரு பக்கமும் குதிரையின் அடியில். அவள் கொண்டுவந்த ரைஃபிள் சேணத்தில் அதே பக்கத்து உறையில் மாட்டியிருந்ததால் அதுவும் அடியில்தான் போயிருந்தது. மரத்துக்குக் கீழே பத்தடியில் சரிவு முடிந்து, முப்பதடிப் பள்ளத்தில் ஓடை.

"அசையாத, நோலா. அசையாத."

"நான் எங்கடா அசையறது? அதுதான் அசையுது!"

பன்னாக் எழுந்திருக்கப் பார்த்தது. உடைந்த காலை ஊன்றியது, ஊன்ற முடியாமல் திரும்ப விழுந்தது. விழும்போதெல்லாம் அறுநூறு கிலோ எடையும் அவள் கால்மேல் இறங்கி அரைத்தது. அவள் முதல் தடவை கத்தினாள். இரண்டாவது தடவை வாயில் கையுறையைக் கடித்துக்கொண்டாள். மரம் வேரோடு ஆட்டம் கண்டது. கற்கள் ஒவ்வொன்றாகப் பள்ளத்தில் உருண்டு விழுந்தன.

கார்வின் கயிற்றை எடுத்து, சில்வியின் சேணத்தில் ஒரு முனையைச் சுற்றி, மறுமுனையைப் பன்னாக்கின் சேணத்தில் மாட்டி மேலே இழுக்க வைத்தான். கயிறு முறுகியதும் பன்னாக் மிரண்டு உதைத்தது. குளம்பு நோலாவின் தொப்பியைத் தட்டிப் பறக்கவிட்டது. ஒரு விரற்கடை தள்ளியிருந்தால் தலை. அவன் கயிற்றைத் தளர்த்திவிட்டான். போனில் சிக்னல் ஒரு கோடுகூடக் காட்டவில்லை. கத்தினால் கேட்க ஒரு ஜீவன் கிடையாது.

"சுட்டுடு" என்றாள் நோலா. முகம் சாம்பல் பூத்திருந்தது. "என் குதிரைடா அது. நான் சொல்றேன், சுட்டுடு. அதுவும் வேதனைப்படுது."

ரிவால்வர் அவளுடைய வலது இடுப்பில் இருந்தது. அவன் குனிந்து உறையிலிருந்து உருவினான். பதினான்கு வருஷத்துக்குப் பிறகு அந்தப் பிடி கைக்குள் வந்தது. உருளைக்குப் பின்னாலிருக்கும் சின்னக் கதவைத் திறந்து சுற்றிப் பார்த்தான். ஐந்து தோட்டா, ஒன்று காலி. அவள் சொன்னபடியே.

அந்த நிமிஷத்திலாவது சொல்லியிருக்கலாம். சட்டைப்பையில் அப்பாவின் உருளை நெஞ்சோடு கனத்துக்கொண்டு இருந்தது. ஒரே ஒரு தடவைதானே, மூன்று தடவை சரியாகச் சுட்டதே என்று அவன் மனசு சாக்குச் சொன்னது.

"தொப்பியை முகத்துமேல வெச்சுக்கோ. இந்தப் பக்கம் பாக்காத" என்று அதை எடுத்துக் கொடுத்தான்.

பன்னாக்கின் தலையருகே மண்டியிட்டான். இந்தக் கண்ணிலிருந்து அந்தக் காதுக்கு ஒரு கோடு, அந்தக் கண்ணிலிருந்து இந்தக் காதுக்கு ஒரு கோடு. இரண்டும் வெட்டுகிற இடம். சுத்தியை இழுத்தான். உருளை திரும்பியது, ஆனால் நிற்க வேண்டிய இடத்தில் கச்சிதமாக நிற்காமல் கையில் லேசாக ஆடியது. அவனுக்கு அது தெரிந்தது. தெரிந்தும் விசையை அழுத்தினான்.

வெடிச்சத்தம் மாறியிருந்தது, கிழிந்த சத்தம். அவன் கன்னத்தில் யாரோ ஊசியால் கோடு போட்ட மாதிரி எரிந்தது. நோலாவின் தொப்பி ஓரத்தில் இரண்டு பொத்தல். குழலுக்குள் பாதியாகச் சீவப்பட்டுப் போன குண்டு குறி தவறி, குதிரையின் கண்ணுக்குக் கீழே எலும்பைப் பெயர்த்தது. பன்னாக் சாகவில்லை.

அதற்குப் பிறகு அந்தக் குதிரை போட்ட சத்தத்தை கார்வின் யாரிடமும் விவரித்ததில்லை.

சுத்தியை மறுபடி இழுத்தான். வரவில்லை. வெடித்த தோட்டாவின் பித்தளைக் கூடு பின்னுக்குப் பிதுங்கித் துப்பாக்கியின் உடம்பில் சிக்கியிருந்தது. உருளை ஒரு மயிரிழை நகரவில்லை. மரத்தின் இன்னொரு வேர் பெயர்ந்தது.

"என்னடா? என்ன ஆச்சு?"

"சிக்கிக்கிச்சு."

"இன்னொண்ணு சுடு!"

"நோலி, சிக்கிக்கிச்சு. சுத்தவே மாட்டேங்குது."

சின்ன வயதில் கூப்பிட்ட பெயர் தானாக வாயில் வந்தது. அவன் சட்டைப் பொத்தானைத் திறக்க முடியாமல் பிய்த்தான். கைக்குட்டையைப் பிரித்தான். அவள் தொப்பிக்கு அடியிலிருந்து பார்த்தாள். எஃகு மினுங்கியது. குதிரை அலறிக்கொண்டிருந்தது.

"நான்தான் எடுத்தேன். அன்னிக்கே எடுத்தேன்."

"தெரியும்டா நாயே." அவள் பல்லைக் கடித்தபடி சொன்னாள். "கொல்றதை அப்புறம் கொல்றேன். இப்ப மாத்து."

அச்சாணியின் பூட்டை அழுத்தி இழுத்தான். இறுகியிருந்தது. வேலிக்கம்பிக் குறட்டைச் சேணப்பையிலிருந்து எடுக்க மேலே ஏறி இறங்க வேண்டியிருந்தது. குறட்டால் பிடித்து முறுக்க, அச்சாணி வந்தது. ஆனால் உருளை வெளியே விழவில்லை. பிதுங்கிய கூடு பிடித்துக்கொண்டிருந்தது. குறட்டின் பிடியால் ஓங்கினான்.

"இரும்பால தட்டாத! உள்ள நாலு தோட்டா உசுரோட இருக்கு!"

அவன் கை அந்தரத்தில் நின்றது. விளிம்பில் ஒரு தட்டுப் பட்டால் வெடிக்கிற தோட்டா அது. மறுபடியும் அவன், மறுபடியும் அதே கை. பக்கத்தில் கிடந்த பைன் குச்சியை எடுத்து, குழல் வாயைப் பள்ளத்தின் பக்கம் திருப்பிக்கொண்டு, இடப்புறத்திலிருந்து நெம்பினான். குச்சி முறிந்தது. கையுறை போட்ட உள்ளங்கையை வைத்து மெதுவாக, ரொட்டி மாவை அழுத்துகிற மாதிரி அழுத்தினான். ஒரு அழுத்தல். இன்னொன்று. பன்னாக் புரண்டது, நோலாவின் குரல் உடைந்து ஏதோ மிருகத்தின் குரலாக வந்தது. மூன்றாவது அழுத்தலில் உருளை வலப்பக்கம் நழுவிக் கற்களில் விழுந்தது. விழுந்தபோது கார்வின் கண்ணை மூடிக்கொண்டான். வெடிக்கவில்லை.

அப்பாவின் உருளையை எடுத்து ஆறு துளையிலும் ஊதினான். உள்ளே வைத்து அச்சாணியைத் தள்ளினான். விரல்கள் மரத்துப்போயிருந்தன. முதல் தடவை அச்சாணி பாதியில் நின்றது.

"முழுசா போச்சா? பூட்டு விழுந்துதா?" நோலா கேட்டுக்கொண்டே இருந்தாள். அவள் அதைக் கேட்பது அவனுக்காகவா, மயங்கிவிடக் கூடாதென்று தனக்காகவா, தெரியவில்லை.

"விழுந்துடுச்சு."

"சுத்திப் பாரு."

சுற்றினான். ஒவ்வொரு துளையும் டக், டக் என்று அதனதன் இடத்தில் நின்றது. அவள் கோட்டுப் பையிலிருந்த தோட்டாப் பெட்டியைத் தேடி எடுத்து இரண்டு மேக்னம் தோட்டாவைப் போட்டு, அவை சுத்திக்கு நேராக அடுத்து வருகிற மாதிரி உருளையைத் திருப்பி வைத்தான். பன்னாக்கின் கழுத்தில் முழங்காலை ஊன்றினான். அதன் நல்ல கண் அவனையே பார்த்தது. "மன்னிச்சுக்கோடா" என்று அதனிடம் சொன்னான். கோடுகள் வெட்டுகிற இடம். விசை.

குதிரையின் உடம்பிலிருந்த முறுக்கெல்லாம் ஒரேயடியாகப் போனது. அவ்வளவு பெரிய அமைதியை அந்த மலை அதற்கு முன் கேட்டிருக்காது.

செத்த குதிரை புரளாது, ஆனால் எடையும் குறையாது. கார்வின் அவள் காலுக்கு அடியிலிருந்த கற்களை வெறுங்கையால் ஒவ்வொன்றாகப் பிடுங்கினான். இரண்டு நகம் பெயர்ந்தது தெரியவில்லை. சில்வியை மறுபடியும் கயிற்றில் பூட்டி, இரண்டு அங்குலம் தூக்க வைத்து, அக்குளில் கை கொடுத்து அவளை இழுத்தான். முழங்காலுக்குக் கீழே கால் போக வேண்டிய திசையில் போகவில்லை. பூட்ஸ் முழுக்க ரத்தம். இடுப்புவாரால் இறுக்கிக் கட்டினான், இரண்டு கிளையை வைத்துத் துணி சுற்றினான். அவளைச் சில்வியின் முதுகில் தூக்கி ஏற்றியபோது பனி விழ ஆரம்பித்திருந்தது.

நாலு மணி நேரம் நடந்தான். கடிவாளத்தை ஒரு கையிலும் அவளுடைய நல்ல காலை இன்னொரு கையிலும் பிடித்துக்கொண்டு. "பேசு நோலி, எதையாவது பேசு" என்பான். ஒரே ஒரு தடவை, மரக்கூட்டத்தைத் தாண்டும்போது, "எவ்ளோ நேரம் போச்சு அந்தத் துப்பாக்கியோட மல்லுக்கட்டினதுல?" என்று கேட்டாள்.

அவன் யோசித்தான். "கால் மணி. இருபது நிமிஷம் இருக்கும்."

அவள் தலையாட்டினாள்.

பில்லிங்ஸ் ஆஸ்பத்திரியில் முழங்காலுக்குக் கீழே காலை எடுத்துவிட்டார்கள். அறுவை செய்த டாக்டர் அம்மாவிடம் கார்வின் நடைவழியில் மறித்துக் கேட்டான், இருபது நிமிஷம் முன்னால் வெளியே எடுத்திருந்தால் கால் தப்பியிருக்குமா என்று. அந்த அம்மா களைத்த கண்ணோடு அவன் கன்னத்துக் காயத்தைப் பார்த்தார். "தப்பியிருக்கலாம். தப்பாமலும் போயிருக்கலாம். எனக்குத் தெரியாது, உங்களுக்கும் தெரியப்போறதில்லை" என்றார். பொய் சொல்லியிருந்தால் தேவலை என்று இருந்தது அவனுக்கு.

இரண்டு நாள் நோலா அவனை உள்ளே விடவில்லை. அவன் காத்திருப்பு அறையின் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருந்தான். இயந்திரத்தில் வருகிற காப்பியைக் குடித்தான். முகம் கழுவும்போது நகக்கண்ணில் இன்னும் மண் இருந்தது. மூன்றாம் நாள் மதியம் நர்ஸ் வந்து கூப்பிட்டாள்.

நோலா தலையணையில் சாய்ந்திருந்தாள். போர்வை ஒரு பக்கம் தட்டையாக இருந்தது. அவன் அங்கே பார்க்காமல் இருக்கப் பார்த்தான்.

"பாரு" என்றாள் அவள். "பாத்துடு, அப்புறம் பேசலாம்."

பார்த்தான்.

"ஏன்டா எடுத்தே?"

அவனுக்கு ஆறு மாசமாகத் தயார் செய்த பதில் ஒன்று இருந்தது: நான்தானே கூட இருந்து பார்த்துக்கொண்டேன், நீ பில்லிங்ஸில் இருந்தாய், அது இது. அது எதுவும் வாயில் வரவில்லை.

"அப்பா என்னை நம்பலன்னு எழுதிக் கொடுத்துட்டுப் போன மாதிரி இருந்துது" என்றான். "எதையாவது ஒண்ணை நானா எடுத்துக்கணும்னு தோணிச்சு. உன்கிட்ட சண்டை போட்டாவது கேட்டிருக்கலாம். கேக்கல."

"மலையில ஏறும்போது நான் கேட்டேன்ல."

"கேட்டே."

"சட்டைப்பையில வெச்சுக்கிட்டே இல்லைன்னே."

"ஆமா."

அவள் ஜன்னல் பக்கம் திரும்பினாள். வெளியே வாகன நிறுத்தத்தில் ஒருவன் காரின்மேல் படிந்த பனியைச் சுரண்டிக்கொண்டிருந்தான்.

"தப்பு என்மேலயும் இருக்கு. அளக்காம சுடாதன்னு டாலிவர் சொன்னார், கேக்கல. அதை நான் பாத்துக்கிறேன். அது என் கணக்கு. ஆனா உன்னை இப்ப மன்னிச்சேன்னு சொல்லச் சொல்லாத. வராது."

"சொல்லச் சொல்லல."

"உன் மூஞ்சியைப் பாக்கவே பிடிக்கல எனக்கு."

கார்வின் தொப்பியை எடுத்துக்கொண்டு எழுந்தான். கதவைத் தாண்டப் போகும்போது அவள் குரல் பின்னால் வந்தது. அவள் இன்னும் ஜன்னலைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"நாளைக்குக் கட்டுப் பிரிப்பாங்களாம். வலிக்கும்னு சொன்னாங்க." போர்வையை இழுத்துவிட்டுக்கொண்டாள். "பத்து மணிக்கு. லேட் பண்ணாத."